லாபத்தில் இரண்டு, ஓட்டில் ஒன்று

கணவன், மனைவி, இரண்டு நண்பர்கள் என்று நான்கு பேர் கூட்டாகத் தொழில் செய்கிறோம் என்று சொன்னால், கேட்பவர்கள் முதலில் பணத்தைப் பற்றித்தான் எச்சரிப்பார்கள். "காசுன்னு வந்துட்டா சிநேகிதம் நிக்காது" என்பார்கள். ஈரோட்டுப் பக்கம் ஒரு மரச்செக்கு எண்ணெய்க் கடையை இத்தனை வருடம் நடத்திய பிறகு எனக்கு அப்படித் தோன்றவில்லை. பணத் தகராறுக்குக் கணக்குப் புத்தகம் இருக்கிறது, உட்கார்ந்து எண்ணிவிடலாம். நண்பர்களை உண்மையில் விலக வைப்பது வேறு. ராத்திரி வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் பேசி முடித்துவிட்ட விஷயம், மறுநாள் காலையில் அவர்களுக்கு வெறும் தகவலாக வந்து சேர்வது.

இதை நான் முதலில் பார்த்தது அப்பாவின் ரைஸ்மில்லில். கோபிச்செட்டிபாளையம் பக்கம் அப்பாவும் அவருடைய சிநேகிதர்கள் இருவரும் சேர்ந்து நடத்திய மில் அது. சிநேகிதர்களில் ஒருவருடைய மனைவி நெல் கொள்முதல் கணக்கைப் பார்த்துக்கொண்டார். மிகவும் கெட்டிக்காரர். எந்தக் களத்து நெல்லை எடுப்பது, யாருக்கு முன்பணம் கொடுப்பது என்பதெல்லாம் அந்த வீட்டிலேயே முடிவாகி வரும். முடிவு பெரும்பாலும் சரியாகவே இருக்கும். அப்பாவுக்கும் அது தெரியும். ஆனாலும் சாப்பிட உட்காரும்போது "நம்மள ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்" என்பார். அந்த ஒரு வார்த்தை கேட்கப்படாமலே வருடங்கள் போயின. பிறகு அந்தச் சிநேகிதர் திடீரென்று மாரடைப்பில் இறந்துபோனார். எழுத்தில் ஒன்றுமே இல்லை. 1932ஆம் வருடத்து இந்தியக் கூட்டாண்மைச் சட்டப்படி, பங்குதாரர்களுக்குள் வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாவிட்டால், ஒருவர் இறந்தாலே கூட்டு கலைந்துவிடும். அப்பாவுக்கு அது தெரிந்ததே ஆடிட்டர் அறையில், காரியம் முடிந்த பிறகுதான். மில்லை விற்றார்கள், பங்கைப் பிரித்தார்கள், ஒரு ரூபாய்க்குக்கூடச் சண்டை வரவில்லை. ஆனால் அக்கா தங்கை போலப் பழகிய மூன்று வீட்டுப் பெண்களும் அதற்குப் பிறகு ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போகவில்லை.

அதனால் நாங்கள் தொடங்கும்போது நான் இரண்டு விஷயங்களில் பிடிவாதமாக நின்றேன். எல்லாம் எழுத்தில் வர வேண்டும். நானும் வீட்டுக்காரரும் சேர்ந்து மற்ற இருவரையும் அமுக்கிவிட முடியாதபடி அந்த எழுத்து இருக்க வேண்டும்.

நாங்கள் நால்வர். என் கணவர் நூல்மில் வேலையை விட்டுவிட்டு வந்தவர். ஏலத்துக்குப் போய்ச் சரக்கு எடுப்பது அவர். சிவகிரி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் எள்ளும் கடலையும், பெருந்துறை கூட்டுறவுச் சங்கத்தில் கொப்பரையும் எடுப்பார். இரண்டாமவர் அவருடைய பள்ளிக்கூடத்து நண்பர். பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படித்தவர், செக்கு முழுக்க அவர் பொறுப்பு. இவர்கள் இருவரும் இன்றும் ஒருவரை ஒருவர் "மாப்ள" என்றுதான் கூப்பிட்டுக்கொள்கிறார்கள். எனக்கு அவர் அண்ணா. மூன்றாவது ஆள் என் கல்லூரித் தோழி. கடை, வெளியூர் டீலர்கள், வாட்ஸ்அப் ஆர்டர்கள் எல்லாம் அவள். கணக்கு, வங்கி, ஜிஎஸ்டி, உணவுப் பாதுகாப்பு உரிமம் என்று காகிதம் பட்ட எல்லாம் நான்.

ஆளுக்குக் கால் பங்கு முதல், ஆளுக்குக் கால் பங்கு லாபம். இதில் யாருக்கும் மறுப்பு இல்லை. சிக்கல் எங்கே வந்தது என்றால் முடிவெடுப்பதில். சட்டம் என்ன சொல்கிறது? அன்றாட விஷயங்களில் கருத்து வேறுபாடு வந்தால் பெரும்பான்மைப் பங்குதாரர்கள் சொல்வதுதான் முடிவு. தொழிலின் தன்மையையே மாற்றுவதானால் எல்லோருடைய சம்மதமும் வேண்டும். நான்கு பேரில் இருவர் ஒரே வீடு என்றால் கணக்கைப் போட்டுப் பாருங்கள். எங்கள் இருவருக்கும் எதிராக ஒரு முடிவும் எடுக்க முடியாது. மற்ற இருவரில் ஒருவர் எங்கள் பக்கம் சாய்ந்தால் போதும், இன்னொருவர் தனியாள். நாங்கள் எவ்வளவு நல்லவர்களாக இருந்தாலும் அந்தக் கணக்கு மாறாது.

ஆடிட்டர் முன்னால் உட்கார்ந்து நான் சொன்னேன்: லாபத்தில் நாங்கள் இரண்டு பேர், ஓட்டில் ஒரு ஆள் என்று எழுதுங்கள். சட்டத்தில் உள்ளது ஒப்பந்தம் இல்லாத இடத்துக்கான விதிதான், நாமாக வேறு மாதிரி எழுதிக்கொள்ளலாம். என் கணவருக்கு ஆச்சரியம். "அதெப்படி, நான் போட்ட காசுக்கு அரை ஓட்டா?" என்றார். அவர் கேட்டது நியாயமான கேள்வி. அதைவிட எனக்குள்ளேயே ஒரு கேள்வி உறுத்தியது. கல்யாணமான பெண்ணுக்குத் தனிக் கருத்து இருக்கும் என்பதையே ஒத்துக்கொள்ளாத ஊரில், என் ஓட்டைப் புருஷன் ஓட்டோடு சேர்த்துக் கட்டும்படி நானே கேட்கிறேனே என்பது. என் தோழிதான் வழி சொன்னாள். "நீங்க ரெண்டு பேரும் ஒரே பக்கம் நின்னா ஒரு ஓட்டு. ஆளுக்கொரு பக்கம் நின்னா ரெண்டு ஓட்டு." அப்படியே எழுதினோம். ஓட்டு இரண்டுக்கு இரண்டு என்று நின்றால், கேட்கப்பட்ட செலவு நடக்காது, ஏற்கெனவே இருப்பது அப்படியே தொடரும் என்று இன்னொரு வரியையும் ஆடிட்டர் சேர்த்தார். எங்கள் ஒப்பந்தத்தில் எனக்குப் பிடித்த இடம் அந்த இரண்டு வரிகள்தான்.

தம்பதிகளை ஒரே ஆளாக எண்ணுவது புதிய வழக்கம் ஒன்றும் இல்லை. 1981இல் இன்ஃபோசிஸ் ஏழு பொறியாளர்களோடு தொடங்கியபோது, சுதா மூர்த்தி தன் சேமிப்பிலிருந்து கொடுத்த 10,000 ரூபாய்தான் முதல். அவரும் பொறியாளர்தான். ஆனால் கணவன், மனைவி இருவரில் ஒருவர்தான் கம்பெனியில் இருக்கலாம் என்று நாராயண மூர்த்தி சொல்ல, சுதா வெளியே நின்றார். 2024 தொடக்கத்தில் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில், அந்த முடிவு தவறு என்று மூர்த்தியே சொன்னார். மற்ற ஆறு பேருடைய இடத்திலிருந்து பார்த்தால் மூர்த்தியின் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தப் பயத்துக்கு விலை கொடுத்தது மனைவி ஒருவர் மட்டுமே என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. ஓட்டைக் கட்டுப்படுத்தியிருக்கலாம். ஒரு பொறியாளருடைய உழைப்பையே வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டியதில்லை.

அமெரிக்காவில் இதன் மறுபக்கம் நடந்தது. கணினி வலையமைப்புக் கருவிகள் செய்யும் சிஸ்கோ கம்பெனியை 1984இல் தொடங்கியவர்கள் லியோனார்ட் போசாக், சாண்டி லெர்னர் என்ற தம்பதி. 1990இல் நிர்வாகம் லெர்னரை வெளியேற்றியது. அவர் போனதும் போசாக்கும் விலகிவிட்டார். இந்தச் செய்தியைப் படித்த பிறகுதான், நாங்கள் இருவரில் ஒருவர் விலகினால் மற்றவர் என்ன செய்வார் என்பதை ஒப்பந்தத்தில் சேர்க்கச் சொன்னேன். நான் விலகினாலும் அவர் தொடரலாம், அவர் விலகினாலும் நான் தொடரலாம், ஒருவருடைய விலகல் மற்றவருடைய விலகல் ஆகாது என்று எழுதியிருக்கிறோம். விவாகரத்து என்ற சொல்லையும் ஆடிட்டர் கூச்சத்தோடு அதில் போட்டார். எழுதியதால் எங்களுக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை. மற்ற இருவருக்கும் நிம்மதியாக இருந்தது.

அடுத்து சம்பளம். கூட்டாண்மைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் ஒழிய, பங்குதாரர் எவ்வளவு உழைத்தாலும் தனியாகச் சம்பளம் கேட்க முடியாது. வருமான வரிக் கணக்கில் அதைச் செலவாகக் காட்டவும் ஒப்பந்தத்தில் இருந்தாக வேண்டும், அதற்கும் ஒரு உச்சவரம்பு உண்டு. என் மாமியார் அன்பாகத்தான் சொன்னார்: "ரெண்டும் ஒரே வீட்டுக்குத்தானே வருது கண்ணு, உனக்கெதுக்குத் தனியா?" நான் ஒத்துக்கொள்ளவில்லை. எனக்குத் தனி வங்கிக் கணக்கு வேண்டும் என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் என் தோழி. அவள் குடும்பம் அவள் சம்பளத்தையும் நம்பி ஓடுகிறது. நான் சம்பளம் வேண்டாம் என்று பெருந்தன்மையாக எழுதிக் கொடுத்தால், வியாபாரம் மந்தமான மாதத்தில் எல்லோருடைய கண்ணும் அவள் பக்கம் திரும்பும். என் சம்பளத்தை நான் விட்டுக்கொடுப்பது அவள் சம்பளத்தில் கை வைப்பதாகிவிடும். அதனால் நால்வருக்கும் ஒரே சம்பளம், ஒரே தேதி. 2025 ஏப்ரல் முதல் பங்குதாரருக்குக் கொடுக்கும் சம்பளமும் வட்டியும் வருடத்துக்கு 20,000 ரூபாயைத் தாண்டினால் 10 சதவீதம் வரி பிடித்துக் கட்ட வேண்டும் என்று விதி வந்தது. எனக்கு வேலை கூடியது, அவ்வளவுதான்.

பதிவு செய்வதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்யாத கூட்டு நிறுவனம், தனக்கு வர வேண்டிய பாக்கிக்காக வழக்குப் போட முடியாது. இந்த ஒரு காரணமே போதும், பதிந்துவிடுங்கள். கடனைப் பற்றி மட்டும் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். கூட்டு நிறுவனத்தின் கடனுக்கு ஒவ்வொரு பங்குதாரரும் முழுத் தொகைக்கும் பொறுப்பு. கால் பங்குக்காரர் கால் பங்கு கட்டித் தப்பித்துக்கொள்ள முடியாது. தம்பதிகளுக்கு இது இன்னும் கடுமை. மற்ற இருவருடைய வீட்டிலும் வெளியிலிருந்து ஒரு சம்பளம் வருகிறது, எங்கள் வீட்டில் இரண்டு பேருடைய வருமானமும் இந்தச் செக்கிலிருந்துதான். 2008ஆம் வருடச் சட்டத்தில் வந்த எல்எல்பி (வரம்புள்ள பொறுப்புக் கூட்டாண்மை) முறையில் இந்தப் பொறுப்புக்கு வரம்பு உண்டு. இன்று தொடங்குபவர்கள் ஆடிட்டரிடம் அதைக் கேட்டுவிட்டு முடிவு செய்வது நல்லது. நாங்கள் கூட்டு நிறுவனமாகவே இருந்துகொண்டு, கடன் எவ்வளவு வரை போகலாம் என்று ஒரு தொகையை எழுதி வைத்தோம். அதைத் தாண்ட நான்கு கையெழுத்தும் வேண்டும்.

இதெல்லாம் காகிதம். காகிதத்துக்குச் சோதனை வந்தது கொப்பரை விலை ஏறியபோது.

2024 தொடக்கத்தில் எங்கள் பக்கம் கொப்பரை கிலோ 100 ரூபாய்க்கும் கீழே கிடந்தது. அந்தப் பருவத்துக்கு மத்திய அரசு அறிவித்த ஆதார விலையே குவிண்டாலுக்கு 11,160 ரூபாய். விவசாயிகள் தென்னையை வெட்டிவிடலாமா என்று பேசிக்கொண்டிருந்தார்கள். பிறகு வரத்து குறைந்து விலை ஏறத் தொடங்கியது. ஏறியது நிற்கவில்லை. 2025 நடுவில் 200 ரூபாயைத் தாண்டிப் போய்விட்டது. கொப்பரையின் எடையில் 60 சதவீதத்துக்கு மேல் எண்ணெய் வரும் என்றாலும், கூலி, மின்சாரம், பாட்டில் எல்லாம் சேர்த்து ஒரு லிட்டர் என்ன விலைக்கு வந்து நிற்கும் என்று நினைத்துப் பாருங்கள். அதே அளவு சரக்கு எடுக்க இரண்டு மடங்கு பணம் வேண்டும்.

விலை பாதி ஏறியிருந்த சமயத்தில் என் கணவர் ஏலத்திலிருந்து வந்து, "இன்னும் ஏறும். கடன் வாங்கியாவது மூணு மாசத்துக்கு வாங்கிப் போட்டுடலாம்" என்றார். அன்று ராத்திரி வீட்டில் அந்தப் பேச்சு தொடர்ந்தது. இங்கேதான் எங்களுடைய இன்னொரு ஏற்பாட்டைச் சொல்ல வேண்டும். வீட்டில் தொழிலைப் பேசக்கூடாது என்று நாங்கள் விதி வைக்கவில்லை. ஒரே சமையலறையில் நிற்கும் இரண்டு பேரால் அது முடியாது. பேசலாம், முடிவெடுக்கக் கூடாது. பேச்சு முடிவை நெருங்குகிறது என்று யாருக்குத் தோன்றினாலும், அந்த நிமிடமே நால்வர் குழுவில் ஒரு வரி எழுதிவிட வேண்டும். அன்றைக்கு நான் எழுதினேன்: "கொப்பரை மொத்தமாக எடுப்பது பற்றிப் பேச்சு. நாளைக் காலை நால்வரும்." அவ்வளவு போதும். மீதிப் பேச்சு தானாக நின்றுவிடும்.

மறுநாள் காலை செக்கை ஓட்டுவதற்கு முன் உட்கார்ந்தோம். என் கணவர் ஏல விலைகளை வரிசையாகச் சொன்னார். அண்ணா அவர் பக்கம். அவருடைய காரணம் வேறு. தரமான கொப்பரை கிடைக்காமல் போனால் கந்தகப் புகை போட்ட சரக்கை எடுக்க வேண்டி வரும் என்பது. பூஞ்சை பிடிக்காமலும் வெள்ளையாகத் தெரியவும் கந்தகம் போடுவார்கள். அந்தக் கொப்பரையில் எண்ணெய் ஆட்டுவதை விட செக்கை நிறுத்திவிடலாம் என்பார் அண்ணா, நால்வரும் அதில் ஒன்றுதான். தோழி எதிர்த்தாள். லிட்டர் விலை இன்னும் ஏறினால் தேங்காய் எண்ணெய் வாங்குபவர்கள் பாதியாகிவிடுவார்கள், வாங்கி வைத்த சரக்கு தேங்கிவிடும் என்றாள். நானும் எதிர்த்தேன். விலை எங்கே போகும் என்று எனக்குத் தெரியாது. எழுதி வைத்த கடன் எல்லையை அந்தக் கொள்முதல் தொட்டுவிடும் என்பது மட்டும் தெரியும். விலை திடீரென்று சரிந்தால் நால்வருடைய வீடும் ஆடும்.

இரண்டுக்கு இரண்டு. எழுதியபடி செலவு நடக்கவில்லை.

விலை என் கணவர் சொன்னபடியே ஏறியது. அதை அவர் ஒரு நாளும் குத்திக்காட்டவில்லை, இதை நான் நன்றியோடுதான் எழுதுகிறேன். தோழி சொன்னதும் நடந்தது. ஒரு லிட்டர் வாங்கியவர்கள் அரை லிட்டருக்கு இறங்கினார்கள், தேங்காய் எண்ணெய் விற்பனை சுருங்கியது. அந்த மாதங்களில் கடலை எண்ணெயும் நல்லெண்ணெயும்தான் எங்களைத் தாங்கின. ஒரு லிட்டர் கடலை எண்ணெய்க்கு ஏறக்குறைய இரண்டரை கிலோ பருப்பு வேண்டும். அதன் விலை அப்போது கைக்குள் இருந்தது. வேண்டிய அளவு நல்ல கொப்பரையை வாராவாரம் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்கக் கையில் பணம் போதவில்லை. அதற்கு அண்ணா தன் மனைவியின் நகையை அடகு வைத்துப் பணம் கொண்டுவந்தார். முதலுக்கு மேல் ஒரு பங்குதாரர் போடும் பணத்துக்கு, எழுத்தில் ஒன்றும் இல்லாவிட்டால் சட்டம் தருவது வருடத்துக்கு 6 சதவீத வட்டி. நகைக் கடன் வட்டி அதைவிட அதிகம். எங்கள் ஒப்பந்தத்தில் 12 சதவீதம் என்று இருந்தது. வரிக் கணக்கில் ஏற்கப்படும் உச்சமும் அதுதான். அதனால் அவருடைய மனைவிக்கு நஷ்டமில்லாமல் நகையைத் திருப்ப முடிந்தது.

அந்த ஓட்டெடுப்பு நடந்த அன்று மாலை மாமியார் என்னைக் கேட்டார், புருஷன் பேச்சுக்கு எதிராக நாலு பேர் முன்னால் கை தூக்கலாமா என்று. அவருக்கு நான் என்ன பதில் சொன்னேன் என்பது முக்கியமில்லை. ஆனால் தோற்ற பக்கம் நின்ற அண்ணா அடுத்த வாரம் செக்கடியில் வைத்துச் சொன்னதை எழுதியே ஆக வேண்டும். "இத்தனை நாளும் இது உங்க ரெண்டு பேர் கம்பெனி, நாங்க கூட இருக்கறம்னுதாம்மா நெனச்சுட்டு இருந்தேன்." அவர் அதைக் குறையாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு உலக்கையில் ஒட்டியிருந்த புண்ணாக்கைச் சுரண்டப் போய்விட்டார். அன்றைக்கு நகையைப் பற்றிய பேச்சே இல்லை. அந்தப் பணம் அதற்கு அடுத்த மாதம்தான் வந்தது.

பங்குதாரர் அல்லாத துணைவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும், இதை யாரும் பேசுவதில்லை. அண்ணாவின் மனைவி கடையில் கையெழுத்துப் போடுபவர் இல்லை. ஆனால் அடகுக்குப் போனது அவர் கழுத்து நகை. தோழியின் கணவர் தனியார் வேலையில் இருப்பவர், கடைக்கு வெறும் வாடிக்கையாளர். ஆனால் அவள் ராத்திரி ஒன்பது மணிவரை ஆர்டர் கட்டும்போது பிள்ளைக்குச் சோறு போடுபவர் அவர்தான். எங்கள் வீட்டில் இரண்டு பேருக்கும் கடையின் நிலவரம் தெரியும். அவர்கள் வீட்டில் ஒருவருக்குத்தான் தெரியும். அந்த வித்தியாசம் மெல்ல மெல்ல வேலை செய்யும். அதனால் ஆயுத பூஜையன்றும் மார்ச் முடிந்து கணக்கு மூடிய பிறகும் எல்லோரையும் உட்காரவைத்து வரவு செலவை நானே வாசித்துக் காட்டுகிறேன். அண்ணாவின் மனைவி கேட்கும் கேள்விகள் ஆடிட்டர் கேட்பதைவிடக் கூர்மையானவை. போன முறை பாட்டில் செலவைக் குறைத்தது அவர் கேட்ட கேள்வியால்தான்.

சின்ன விஷயங்களிலும் இதே கவனம் வேண்டும். வீட்டுச் செலவுக்கு எண்ணெய் எடுக்கிறோம். ஆளுக்கு இவ்வளவு என்றால் எங்கள் வீட்டுக்கு இரண்டு பங்கு வந்துவிடும். அதனால் குடும்பத்துக்கு இவ்வளவு என்று வைத்தோம், அதற்கு மேல் எடுத்தால் பில். கடையின் க்யூஆர் அட்டையில் விழும் பணம் கடையின் நடப்புக் கணக்குக்கு மட்டுமே போகும். அவசரத்துக்கு என் கைப்பேசிக்கு அனுப்பச் சொல்லி யாரிடமும் கேட்டதில்லை. வெளியூர்த் திருமணங்களுக்கு நாங்கள் இருவரும் சேர்ந்து போனால் கடையில் இரண்டு ஆள் குறையும். எங்கள் வீட்டு விசேஷம் மற்ற இருவருக்கு இரட்டை வேலை. அதற்கு ஈடாக தீபாவளிக்கு முந்தைய வாரம் முழுக்க நாங்கள் இருவரும் விடுப்பு எடுப்பதில்லை, மற்ற இருவரும் அவரவர் வசதிக்கு எடுத்துக்கொள்வார்கள்.

இப்போது தோழி விலகப் போகிறாள். அவள் கணவருக்குப் பெங்களூரில் வேலை மாற்றம். வருத்தமாகத்தான் இருக்கிறது, மறைக்கவில்லை. மார்ச் 31 வரை இருப்பாள். செக்குகள், சரக்கு, வர வேண்டிய பாக்கி, கொடுக்க வேண்டியது எல்லாவற்றையும் வெளி ஆடிட்டர் ஒருவர் மதிப்பிடுகிறார். அவளுடைய பங்கை மூன்று தவணையாகக் கொடுப்பது என்று பேசியிருக்கிறோம். அவள் போய்விட்டாள் என்பதைப் பதிவாளருக்குத் தெரிவித்து, அரசிதழிலும் ஒரு தமிழ் நாளிதழிலும் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால், எங்கள் பிற்காலக் கடனுக்கு வெளியார் அவளையும் பொறுப்பாக்க முடியும். அவளைக் காப்பது அந்த அறிவிப்புத்தான் என்பதால் அந்த வேலையை நானே எடுத்துக்கொண்டேன்.

ஓட்டு விதியையும் மாற்ற வேண்டியிருக்கிறது. இனி மூன்று பேர். நாங்கள் இருவரும் ஒரே பக்கம் நின்றால் ஒரு ஓட்டு என்ற வரி அப்படியே இருந்தால், அண்ணாவும் நாங்களும் ஒன்றுக்கு ஒன்று என்று நிற்போம். நான்காவதாக யாரையாவது சேர்க்கலாமா, அண்ணாவின் மனைவி வருவாரா என்று பேச்சு ஓடுகிறது. வந்தால் இரண்டு தம்பதிகள் நடத்தும் கம்பெனி ஆகிவிடும், அதற்கு வேறு ஒப்பந்தமே எழுத வேண்டும். அவர் யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.

தோழி பெங்களூரில் எங்கள் எண்ணெயை விற்கப் போகிறாள். என்ன விலைக்குக் கொடுப்பது என்று நான் இழுத்தபோது, மற்ற டீலர்களுக்கு என்ன விலையோ அதே விலை, அதே முன்பணம் என்று அவளே குழுவில் எழுதிவிட்டாள். அண்ணா முதலில் சரி என்றார். பிறகு நாங்கள் இருவரும், தனித்தனியாக.